வெள்ளி நாணயங்களில் அச்சுக் குறைகளும் கிடைத்தவிடச் சீட்டும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பணிபுரியும் களப்பணியாளரிடமோ ஆசிரியரிடமோ பழைய ஆர்க்காட்டு வெள்ளி ரூபாய் ஒன்று கொண்டுவந்து காட்டப்பெறலாம். அதிலுள்ள எழுத்தை மட்டும் நம்பி முடிவு கூறுதல் தவறாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் அடித்த ரூபாய்களிலும் ‘ஆர்க்காடு’ என்ற பெயரே பாரசீக எழுத்தில் உள்ளது. இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜிரி 1172 (கி.பி. 1758-59) என்ற ஆண்டும், அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், 19ஆம் நூற்றாண்டிலும் மாறாது பொறிக்கப்பட்டன. அடித்த இடத்தை அறியச் சிறு குறிகளே துணை: தாமரை சென்னையையும், பிறை பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியையும், ரோஜா கல்கத்தாவையும் காட்டும்.

அச்சுக் குறைகள்

இரண்டு எஃகு அச்சுக்களுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்து அடிப்பதால் நாணயம் உருவாகிறது. தொடர்ந்து அடிபடும் அச்சில் நாளடைவில் வெடிப்பு உண்டாகும். அடிக்கும்போது வெள்ளி அவ்வெடிப்பினுள் புகுவதால், நாணயத்தில் அது மேடான கோடாகத் தோன்றும். புழக்கத்தில் நேர்ந்த கீறலோ பள்ளமாக இருக்கும். அச்சின் எழுத்துக் குழியில் அழுக்கு அடைத்துக்கொண்டால் அவ்வெழுத்து மங்கிவிடும்.

ஒரே இடத்தில் ஒரே வடிவான வெடிப்புக் கோடுள்ள இரு நாணயங்கள் ஒரே அச்சில் பிறந்தவை. கோடு குறுகியிருப்பது முன்னர் அடித்தது. நீண்டிருப்பது பின்னர் அடித்தது. ஆனால் பள்ளமான ஒரே கீறல் பல நாணயங்களில் ஒரே இடத்தில் காணப்படின் ஐயுறுக. அவை ஒரு நாணயத்தை மாதிரியாகக் கொண்டு வார்த்த போலிகளாக இருத்தல் கூடும். அவற்றின் எடையையும் விளிம்பையும் சோதித்தல் வேண்டும்.

கிடைத்தவிடச் சீட்டு

நாணயம் எங்கே அடிக்கப்பட்டது என்பதைக் குறிகள் கூறும். எங்கே கிடைத்தது என்பதைச் சீட்டு ஒன்றே கூறும். ஊர், வட்டம், கண்டெடுத்த நாள், ஆழம், உடனிருந்த கலம், பிற நாணயங்கள், கிராமில் எடை ஆகியவற்றை அதில் எழுதுக. பழைய சீட்டு இருப்பின் அதனை எறியாது, புதியதுடன் சேர்த்து வைத்திடுக. சந்திரகிரியை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் 1911க்கு முன் வட ஆர்க்காட்டிலும், பின்னர் சித்தூரிலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியது. ஆகவே மாவட்டப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எழுதிய ஆண்டும் வேண்டும்.

புளியாலோ சாம்பலாலோ நாணயத்தைத் தேய்த்தல் ஆகாது. தேய்த்தால் மெல்லிய வெடிப்புக் கோடுகள் அழிந்து, சான்றும் மறைந்துவிடும். மண்ணிற் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்தல் கண்டெடுத்தவரின் கடமை. கிடைத்தவற்றைப் பலரும் பங்கிட்டுக்கொண்டால், பின்னர் எத்தகைய அறிஞராலும் அத்தொகுதியை மீண்டும் ஒன்றுசேர்த்தல் அரிது.

பயிற்சி: மெழுகில் நகத்தால் ஒரு கோடு கீறி, அதன்மேல் ஈரக் களிமண்ணை அழுத்தி எடுக்கச் செய்க. பள்ளம் மேடாக மாறுவதை மாணவர் தாமே கண்டறிவர்.