கணினியை மாற்றுமுன் கடிகாரத்தைப் பார்

அன்பு மருமகளுக்கு,

ஸ்கூடாய்க் கடையில் படம் அச்சிடும் மென்பொருள் இழுத்தடிக்கிறது, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படங்கள் தேங்கிக் கிடக்கின்றன, கணினி விற்பவர் புதுசு வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு வாங்காதே. தாமதம் எங்கே என்று தெரியாமல் வாங்கினால் அது புதுக் கணினியிலும் வந்து உட்காரும். சில ஆயிரம் வெள்ளி போனதுதான் மிச்சம்.

அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் மாட்டேன். கடவுச்சீட்டுக்குக் குடிநுழைவுத் துறையிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். மைகார்டுக்குப் பதிவுத் துறையில். நம்மைத் தேடி வருவது கல்யாண ஆல்பம், வகுப்புப் படம், அப்புறம் இறந்தவர் படம். காலையில் வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு படத்தை அனுப்பிவிட்டு, மதியம் எடுப்பதற்குள் மாலை போடப் பெரிய படம் வேண்டும் என்று வந்து நிற்பவரிடம், “இருங்க, லோடாகுது” என்று சொல்ல வாய் வராது.

முதலில் கடிகாரத்தைக் கையில் எடு. மென்பொருளைச் சொடுக்கியதிலிருந்து திரை வரும்வரை எவ்வளவு நேரம்? கோப்புறையைத் திறந்தால் சிறுபடங்கள் முழுவதும் தெரிய எவ்வளவு நேரம்? பிரிண்ட் அழுத்தியதிலிருந்து தாள் நகரும்வரை? தாள் நகர்ந்ததிலிருந்து வெளியே வந்து விழும்வரை? நான்கையும் தனித்தனியாக எழுதி வை. நான்குக்கும் காரணம் வேறு வேறு. “எல்லாமே ஸ்லோ” என்று சொல்கிறவரிடம்தான் புதுக் கணினியைச் சுலபமாக விற்கலாம்.

திறப்பதற்கே நேரமானால் இரண்டு இடத்தைப் பார். ஒன்று, விண்டோஸில் முதன்மை அச்சுப்பொறி என்று எது குறிக்கப்பட்டிருக்கிறது என்பது. எப்போதோ விற்றுவிட்ட, அல்லது வைஃபையில் இணைந்து இப்போது அணைந்து கிடக்கும் பிரிண்டரின் பெயர் அங்கே இருந்தால், மென்பொருள் திறக்கும்போதே அதைத் தேடிப் பதிலுக்குக் காத்திருக்கும். பட்டியலில் உள்ள செத்த பிரிண்டர்களை நீக்கிவிடு. இன்னொன்று எழுத்துரு. கல்யாணப் பத்திரிகைக்கும் பேனருக்கும் என்று நம் கடைகளில் நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். யூனிகோடு வருவதற்கு முந்திய காலத்து உருப்படிகள்தான் பாதிக்கு மேல் இருக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் சிலவும் இருந்தால் அன்றாட வேலை நடக்கும். மற்றதை ஒரு கோப்புறையில் கட்டி வை, வேண்டும்போது நிறுவிக்கொள்.

சிறுபடங்கள் மெதுவாக வந்தால், படங்கள் எங்கே இருக்கின்றன என்று பார். வாடிக்கையாளரின் பென்டிரைவிலிருந்தோ கேமரா கார்டிலிருந்தோ நேரடியாக அச்சிடாதே; கணினிக்குள் நகலெடுத்துக்கொண்டு வேலை செய். ஐந்தாறு வருடப் படங்களை ஒரே கோப்புறையில் போட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் அது எண்ணிப் பார்க்கும். ஐபோன்காரர்கள் கொண்டுவரும் ஹெயிக் கோப்புகள் 2017லிருந்து வழக்கத்தில் இருப்பவை. அவற்றை அவிழ்க்கக் கணினிக்குக் கூடுதல் உழைப்பு தேவை. முன்கூட்டியே ஜேபெக்காக மாற்றிவிடு.

அழுத்தியதற்கும் தாள் நகர்வதற்கும் நடுவில் போகும் நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. உன் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். ஜேபெக் கோப்பாகக் கிடக்கும்போது ஏழெட்டு எம்பிதான். ஆனால் அது அப்பளம் மாதிரி, திறந்தவுடன் உப்பிவிடும். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் நினைவகத்தில் 72 எம்பி பிடிக்கும். 16 பிட் டிஃப் என்றால் அதுவும் இரட்டிப்பு. ஒரு வகுப்பின் நாற்பது படங்களை ஒரே மூச்சில் போட்டால் ஏறக்குறைய 3 ஜிபி. 8 ஜிபி ரேமில் விண்டோஸ், குரோம், வாட்ஸ்அப் எல்லாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். இடம் போதாதபோது கணினி மிச்சத்தை வன்தட்டில் எழுதி எழுதிப் படிக்கும். அதைத்தான் நீ “ஹேங்” என்கிறாய்.

4ஆர் தாளுக்கு என்ன வேண்டும்? அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1800க்கு 1200, இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். பதினொரு மடங்கு பெரிய படத்தைத் தூக்கிச் சுமந்து, கடைசி நிமிடத்தில் சுருக்கி அச்சிடுகிறது உன் மென்பொருள். ஆகவே தாளுக்கு ஏற்ற அளவில் ஒரு நகலைச் செய்து அதை அச்சுக்கு அனுப்பு, மூலப்படத்தைத் தொடாதே. ஒரே 4ஆர் தாளில் எட்டுப் பாஸ்போர்ட் அளவுப் படம் அடுக்கும்போது இது இன்னும் முக்கியம். சில மென்பொருள்கள் அதே பெரிய கோப்பை எட்டுத் தடவை விழுங்கும். ஆல்பப் பக்கங்களை அடுக்கு அடுக்காக அப்படியே அனுப்பாமல், ஒன்றாக்கிய நகலை அனுப்பு.

இந்தக் கட்டத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். நினைவகம் நிரம்பி, டிஸ்க் நூறு விழுக்காட்டில் நிற்கிறதா? அங்கேதான் நோய். மென்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று போட்டிருந்தால், ரேம் கூட்டிப் பயன் குறைவு. அந்த மென்பொருளால் 2 ஜிபியை, மிஞ்சிப்போனால் 4 ஜிபியைத்தான் தொட முடியும். அதற்கு 64 பிட் பதிப்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பத்துப் பத்துப் படமாக அனுப்பு. படக் கோப்புறையை ஒரு பக்கம் கூகுள் டிரைவ் மேலேற்றிக்கொண்டும், இன்னொரு பக்கம் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் மாறி மாறிச் சோதித்துக்கொண்டும் இருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். வைரஸ் தடுப்பு ஒன்று போதும்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அச்சுக்குப் போகும் வேலையெல்லாம் முதலில் அங்கே ஸ்பூல் என்ற கோப்புறையில்தான் எழுதப்படுகிறது. என்றோ பாதியில் நின்ற வேலை அடைத்துக்கொண்டிருந்தால், பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, ஸ்பூலுக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் கோப்புறையைக் காலி செய்து, மறுபடி ஓடவிடு. பிரிண்டரும் கணினியும் ஒரே மேசையில் இருக்கும்போது வைஃபை எதற்கு? யூஎஸ்பி கேபிளைச் சொருகு.

தாள் நகர்ந்தபிறகு ஆகும் நேரத்துக்கு மென்பொருளைத் திட்டாதே. டை-சப் பிரிண்டரில் மஞ்சள், மெஜந்தா, சயான், மேலே பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு தடவை போய் வரவேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடு தணிய நடுவில் நிற்கும். ஜொகூர் வெயிலில் ஜன்னலோரம் அதை வைத்திருந்தால் இன்னும் அடிக்கடி நிற்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதே. ஒன்றை மாற்று, அதே பத்துப் படத்தை அச்சிட்டு நேரம் பார், பிறகு அடுத்ததற்குப் போ. இவ்வளவும் செய்தபிறகும் டிஸ்க்தான் திணறுகிறது என்றால் எஸ்எஸ்டி வாங்கு. சுழலும் பழைய வன்தட்டு விநாடிக்கு 100, 150 எம்பி படிக்கும். சாதாரண எஸ்எஸ்டி 500க்குப் பக்கம். சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளைப் படிப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. செலவழிக்கும் காசுக்கு உடனே பலன் தெரியும் பொருள் அது ஒன்றுதான் என்பது என் கணக்கு.

விற்பவர் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை, ஓரிரண்டு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. என்றாவது மாறத்தான் வேண்டும். மாறுமுன் உன் பிரிண்டருக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடு. இல்லாவிட்டால் கணினியோடு பிரிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்த வேலை எதிலும் கை வைக்காதே. வன்தட்டைத் தொடுவதற்கு முன்னால் கல்யாண ஆல்பங்கள் அத்தனையையும் வெளி டிரைவில் நகலெடுத்து, நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிடு. நேரக் குறிப்பை எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா
குளுவாங்