பாடும் பெண்ணுக்கு எந்த குரூப்?

அன்புள்ள சகோதரிக்கு,

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு முடித்த மகள், கல்லூரியிலும் பாட்டுத்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டுப் பெரியவர்கள், முதலில் சயின்ஸ் குரூப் எடுக்கட்டும், பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். +2-வில் என்ன படித்தால் இசைக்கல்லூரிக்கு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் +1 சேரும்போது எடுத்த குரூப்தான் +2-விலும் தொடரும். அதனால் உங்கள் மகளின் கடைசிப் பள்ளி ஆண்டைப் பற்றிய முடிவை இந்தக் கோடை விடுமுறையிலேயே எடுத்தாக வேண்டும்.

பி.ஏ. இசைக்கு +2 தேர்ச்சி வேண்டும். எந்த குரூப் படித்தவரும் சேரலாம். வெகுதூரம் போக வேண்டியதில்லை, மதுரை பசுமலையிலேயே தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. வெளியூர் அனுப்ப மனம் இருந்தால் திருவையாறு, சென்னை அரசு இசைக்கல்லூரிகள், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை ராணி மேரிக் கல்லூரி என்று வழிகள் உண்டு. எங்கே போனாலும் கடைசியில் அவள் வாய் திறந்து பாடுவதைத்தான் கேட்பார்கள். ஆகவே குரூப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது அவளுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் வைக்கும்?

சயின்ஸ் குரூப் என்றால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கணக்கு டியூஷன், பள்ளி விட்டதும் இயற்பியல், வேதியியல் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். அகார சாதகம் செய்ய வேண்டிய விடியற்காலை அப்படியே போய்விடும். பதினாறு, பதினேழு வயதில்தான் குரல் நிலைப்படுகிறது; தன் சுருதி ஐந்து கட்டையா, ஐந்தரையா என்று அவள் கண்டுகொள்ளும் காலம் அது. அந்த இரண்டு வருடத்தை விட்டுவிட்டுக் கல்லூரியில் பிடித்துக்கொள்ளலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இசைக்குக் கணக்கு வேண்டாமா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஏழு தாளம், ஐந்து ஜாதி, முப்பத்தைந்து தாளம். சுத்த மத்யமத்தில் 36, பிரதி மத்யமத்தில் 36, ஆக 72 மேளம். மேல் சட்ஜத்தின் அதிர்வெண் கீழ்ச் சட்ஜத்தைப் போல இரண்டு மடங்கு, பஞ்சமம் ஒன்றரை மடங்கு. இதற்கெல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கு தாராளமாகப் போதும். இயற்பியலின் மீது அவளுக்கே ஆசை இருந்தால் எடுக்கட்டும், தடுக்காதீர்கள். மற்றவர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக வேண்டாம்.

என் விருப்பத்தைச் சொல்கிறேன். வரலாறும் சிறப்புத் தமிழும் சேர்ந்த குரூப் அருகில் ஏதாவது பள்ளியில் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். இசைப் பட்டப்படிப்பில் பாட்டோடு வரலாறும் இலக்கணமும் எழுத்துத் தேர்வாக வரும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் தேவாரப் பண்களும் பாடமாக வரும்போது தமிழ் தெரிந்த பெண் தடுமாற மாட்டாள். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரத்தையும் (1917) விபுலானந்தரின் யாழ் நூலையும் (1947) பயமில்லாமல் பிரிப்பாள். மொழிப்பாடத்தில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டு வேறு மொழிக்குப் போக வேண்டாம். சொல் புரியாமல் பாடுகிறவர்களை நாம் நிறையவே கேட்டுவிட்டோம்.

அந்த குரூப் கிடைக்காவிட்டால் காமர்ஸ். வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: கர்நாடக இசைப் பாடகர்களில் சஞ்சய் சுப்ரமணியன் பட்டயக் கணக்காளர் படிப்பை முடித்தவர், டி.எம். கிருஷ்ணா பொருளாதாரப் பட்டதாரி. கணினிப் பயன்பாடுகள் சேர்ந்த காமர்ஸ் குரூப் என்றால் பாட்டைப் பதிவு செய்யவும் தொகுக்கவும் பழகும்போது கணினி புதிதாக இருக்காது.

இனி இரண்டு வருடத்தைப் பங்கிடுவது. 2025-26 முதல் +1-க்குப் பொதுத்தேர்வு இல்லை. அந்த ஆண்டைப் பாட்டுக்குக் கொடுங்கள். வர்ணங்களை இரண்டு காலத்திலும் தடையில்லாமல் பாட வரட்டும். புதிய கீர்த்தனைகளை எல்லாம் அப்போதே பாடம் செய்துகொள்ளட்டும். தேர்வுத்துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. லோயரை முடிந்தால் அந்த ஆண்டிலேயே எழுதட்டும். பின்னால் பள்ளி இசை ஆசிரியர் வேலைக்கு அந்தச் சான்றிதழ்கள் கைகொடுக்கும். கல்லூரியில் கற்பிக்க முதுகலையும் நெட் போன்ற தகுதியும் வேண்டும், அது இன்னும் தூரத்தில் இருக்கிறது. வருமானம் பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கச்சேரியை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் சிலரே, அதனால்தான் சான்றிதழ்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

+2-வில் புதிதாக எதுவும் வேண்டாம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் மார்கழிக் கச்சேரிகளும் சேர்ந்தே வரும்; அப்போது பரீட்சைக்கு முதலிடம் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் தினமும் காலையில் தம்புரா சுருதியோடு அரை மணி நேரமாவது பாடிவிட வேண்டும், மார்ச் பொதுத்தேர்வு நாட்களிலும்.

சேர்க்கைக்கு முன் பள்ளியில் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: சிறப்புத் தமிழ் நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, +2-வுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு எந்த மாதம் தொடங்கி எத்தனை மணி வரை நடக்கும். அந்த நேரத்தைப் பாட்டு டீச்சரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அடுத்த வருடத்துக்குக் காலை வகுப்பு ஒதுக்க அவருக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்.