உப்பு, தண்ணீர், லித்தியம்

சென்ற மாதம் சங்கத்தின் மகளிர் கூட்டம் முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாள் என்னைத் தூணோரமாக அழைத்துப் போய், "நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க. ஒண்ணு கேக்கணும்" என்றார். மருமகளுக்கு லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். எப்போது நிறுத்தலாம்? இதைக் கேட்பதற்குள் அவர் நான்கு முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். தூணோரமாகவே கேட்கப்படும் கேள்வி இது. எனக்குத் தெரிந்ததை இங்கே வெளிச்சத்திலேயே எழுதிவிடுகிறேன்.

தில்லியில் 32 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். கடைசி 9 ஆண்டுகள் மனநலப் பிரிவில். அந்தப் பிரிவுக்கு நானே கேட்டுப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பசி, தூக்கம், வேலையில் நாட்டம் எல்லாம் போய், குளிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிலருக்கு இது ஒரு முனை மட்டுமே. மறுமுனையில் மனவெழுச்சி வரும். இரவு மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே தெரியாமல், ஓயாமல் பேசி, பணத்தை வாரி இறைப்பார்கள். இரண்டும் வந்து போவதை இருமுனைக் கோளாறு என்கிறார்கள். நோயாளி பெரும்பாலும் சோர்வில்தான் டாக்டரிடம் வருவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாதம் தூங்காமல் கடன் வாங்கிக் கடை போட்ட கதையை வீட்டார்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சோர்வுக்கு மட்டும் மருந்து கிடைக்கும். அது சிலரை எழுச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

வெளியூரில் வாழும் நமக்கு மொழிச் சிக்கல் வேறு. "நெஞ்சு பாரமா இருக்கு" என்று தாய் சொன்னதை மகன் இந்தியில் அப்படியே மொழிபெயர்க்க, முதலில் இ.சி.ஜி. எடுத்த சம்பவத்தை நானே பார்த்திருக்கிறேன்.

சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். அந்த வாரங்களில்தான் வீட்டில் கண் வேண்டும். சிலருக்கு உடம்பில் தெம்பு முதலில் திரும்பும். மனத்தின் இருட்டு பிறகே விலகும். அந்த இடைவெளி ஆபத்தானது. "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாத்திரைகளைப் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். "தைரியமா இரு" என்ற உபதேசத்தைவிட, "வா, தலைக்கு எண்ணெய் வைக்கிறேன்" என்று உட்காருவது நல்லது.

இனி லித்தியம். மனவெழுச்சிக்கு இது உதவுவதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். இன்றும் இருமுனைக் கோளாறில் முதல்தர மருந்துகளில் ஒன்று. ஆனால் பலனுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நஞ்சுதான். லித்தியமும் உப்பு வகை என்பதால் சிறுநீரகம் அதைச் சமையல் உப்பைப் போலவே நடத்தும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், உப்பைச் சேமிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள். 2009 மே மாதம், என் அக்கா மகன் வேலைப் பயிற்சிக்காக ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். லித்தியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே லூ காற்று. மூன்று நாள் பேதி. உடம்பு வலிக்கிறது என்றான். நானேதான் இப்யூப்ரோஃபென் கொடுத்தேன். மறுநாள் காலை காபி டவராவில் தளும்பிக் கொட்டியது.

"ஏண்டா கை நடுங்குது?"

"இந்த மாத்திரைக்குக் கொஞ்சம் நடுங்கும் சித்தி. டாக்டரே சொல்லியிருக்கார்."

லேசான நடுக்கம் உண்டுதான். காபி கொட்டும் நடுக்கம் வேறு. அறுவை சிகிச்சைப் பிரிவில் அத்தனை வருடம் இருந்தவளுக்கு அது தோன்றவில்லை, டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். மாலையில் திரும்பியபோது அவன் காலை அகட்டி அகட்டி நடந்தான். பேச்சு குழறியது. ரத்தத்தில் லித்தியம் 2.1. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றினார்கள். மாத்திரைச் சீட்டு என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அந்த வருடமே மனநலப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே, லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் திடீரென்று உப்பைக் குறைக்காதீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காத ஏகாதசி விரதம் அவருக்கு வேண்டாம். வலிக்கு இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது, பாராசிட்டமால் பரவாயில்லை. பி.பி. மாத்திரைகளில் சிலவும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். வாந்தி, பேதி என்றால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். பெரிய நடுக்கம், தள்ளாட்டம், குழறல் கண்டால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கப்படட்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

மனவெழுச்சி தலைகாட்டினால் பலருக்கு முதலில் தூக்கம் குறையும். வாதாடாதீர்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். டி.வி.யை அணைத்து, விருந்தினர் கூட்டத்தைக் குறையுங்கள். தட்டு முன் உட்கார மாட்டார். நடந்துகொண்டே தின்ன இட்லியோ வாழைப்பழமோ கையில் கொடுங்கள். ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை, அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவோம். ஒன்றரை நாள் ரயில். மாத்திரையும் சீட்டும் பெட்டிக்குள் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் காலியாகாமல் பாருங்கள். ஊரில் குணசீலத்தில் 48 நாள் தங்க வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். போகட்டும், மாத்திரையோடு போகட்டும். அக்காவே அப்படித்தான் போய் வந்தாள்.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை. தமிழிலும் பேசலாம்.

தூணோரம் கேட்ட அம்மாளுக்குச் சொன்ன பதில் இது: நன்றாக இருப்பது மாத்திரையால்தான். டாக்டரைக் கேட்காமல், அதிலும் சட்டென்று நிறுத்தினால், சில மாதத்துக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். "அப்ப எப்பத்தான் நிறுத்தறது?" என்று மறுபடி கேட்டார். அடுத்த தடவை மருமகளையும் கூட்டிக்கொண்டு மூவருமாக டாக்டரிடம் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.