பனிக்காலத்தில் ஸ்கைடைவிங்: எங்கே, எப்படித் தொடங்கலாம்?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் இருப்பவருக்கு நவம்பரில் ஸ்கைடைவிங் ஆசை வந்தால் மூன்று வழிகள் உண்டு. உள்ளூரில் குளிரோடு குதிக்கலாம். கீழிருந்து மேலே காற்று வீசும் கூண்டான விண்ட் டனலில் பழகிக்கொண்டு வசந்தத்துக்குக் காத்திருக்கலாம். அரிசோனா, புளோரிடா பக்கம் போய் ஒரே மூச்சில் கற்கலாம். விடுப்பும் பணமும் கைகூடுபவர் யோசிக்காமல் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

முதல் வழியில் என்ன சிக்கல்? ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், தரையில் 5 டிகிரி இருக்கும் நாளில் விமானக் கதவு திறக்கும் 13,000 அடி உயரத்தில் மைனஸ் 20 டிகிரி இருக்கும். அந்தக் காற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் விழவேண்டும். உடம்பு தாங்கிவிடும். விரல்கள்தான் கவலை. பாராசூட்டைத் திறக்கும் கைப்பிடி முதுகுப்பையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, தடவித்தான் பிடிக்கவேண்டும். பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதைக் கழற்றிவிடவும் மாற்றுப் பாராசூட்டைத் திறக்கவும் மார்பின் இருபுறமும் கைப்பிடிகள் உண்டு. மரத்துப்போன விரலும் தடித்த கையுறையும் இவற்றில் எதையும் எளிதில் உணராது. குதிக்கும் உயரத்தில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் கையுறை கட்டாயம் என்கிறது அமெரிக்கப் பாராசூட் சங்கம். மெல்லிய, பிடிப்புள்ள கையுறையாக வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே தரையில் கைப்பிடிப் பயிற்சி முழுவதையும் செய்யுங்கள். உப்பலான ஜாக்கெட் வேண்டாம். அது கைப்பிடிகளை மறைக்கும்.

உள்ளூரில்தான் தொடங்குவேன் என்பவர் ஸ்டாட்டிக் லைன் முறையைக் கற்றுத்தரும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதில் சுமார் 4,000 அடியிலிருந்து குதித்தவுடனே விமானத்தோடு இணைத்த பட்டை பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். அங்கே தரையைவிட எட்டு டிகிரிதான் குளிர் அதிகம். ஆரம்பத்தில் நீண்ட வீழ்ச்சியும் இல்லை. பனி மூடிய நிலத்தில் இறங்குவது மட்டும் தனி வித்தை. எங்கும் ஒரே வெள்ளையாக இருந்தால் உயரத்தைக் கண் சரியாகக் கணிக்காது.

குளிரைவிடப் பெரிய இடைஞ்சல், நாள் தவறிப்போவது. மேகம், காற்று, குறுகிய பகல் என்று வார இறுதிகள் கழிய, கற்றது மறக்கும். 30 நாள் இடைவெளி விழுந்த மாணவர் மறுபடி பயிற்றுநர் மேற்பார்வையில் குதித்தாகவேண்டும். முதல் உரிமமான ‘ஏ’ லைசென்ஸுக்கு 25 குதிப்புகள் தேவை. விட்டுவிட்டுக் குதித்தால் நேரமும் பணமும் நம்பிக்கையும் கரையும்.

விண்ட் டனல் இதற்குப் பாதி விடை. பத்து நிமிடம் பறந்தால் ஏறக்குறைய பத்துக் குதிப்புகளின் வீழ்ச்சி நேரம் கிடைத்துவிடும். உடலை வில்லாக வளைத்து நிலையாக வைப்பது பழகிவிடும். ஆனால் பாராசூட்டை ஓட்டுவதும் தரையிறங்குவதும் அங்கே வராது.

மூன்றாவது வழிக்கு ஓர் உதாரணம்: அரிசோனாவின் ஈலாயில் ஜனவரி மதியம் 20 டிகிரியை ஒட்டியிருக்கும். குதிக்கும் இடத்தை ஒட்டியே விண்ட் டனலும் இருக்கிறது. அங்கேயும் மேலே பூஜ்யத்துக்குக் கீழேதான், கையுறையை மறக்கவேண்டாம். ஒரு வாரத்துக்குள் உரிமம் முடியும் என்று கணக்குப் போடாமல், இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்து டிக்கெட் எடுங்கள். பாலைவனத்திலும் காற்று பலமாக வீசும் நாள் உண்டு. அன்று மாணவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.