முட்டை ஓட்டில் எழுதும் கலை

கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுங்கால் தீனி, நோய்த் தடுப்பு, முட்டையின் விலை ஆகியவற்றோடு நாம் நின்றுவிடுகின்றோம். ஓட்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அடுப்படியில் உடைக்கப்பட்ட ஓடு குப்பைக் குழிக்குச் செல்கின்றது. சிக்கனம் அறிந்த சில வீடுகளில் ரோஜாச் செடியின் அடியில் இடப்படுகின்றது. ஆனால் உக்ரைன் நாட்டு உழவர் குடும்பப் பெண்கள் அந்த ஓட்டின்மேல் தம் வயலையும், சூரியனையும், மழையையும் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்திருக்கின்றனர். அக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இதனை அறிந்து கொள்வதில் பயன் உண்டு எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அந்நாட்டார் இம்முட்டையைப் பிஸன்கா என்று அழைக்கின்றனர். ‘எழுதுதல்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஆகவே அங்குள்ள பெண்கள் முட்டைக்கு வண்ணம் தீட்டுவதாகச் சொல்வதில்லை. முட்டையை எழுதுவதாகவே சொல்கின்றனர். ஈஸ்டர் திருநாளில் உண்பதற்காக ஒரே நிறத்தில் வேகவைத்துச் சாயமிடும் முட்டை வேறு. அதற்குக் கிரஷன்கா என்று பெயர். பிஸன்காவோ பச்சை முட்டையில் எழுதப்படுவது. உண்பதற்கன்று, வைத்துக் காப்பதற்கும் உற்றாருக்குக் கொடுப்பதற்கும் உரியது. கிறித்தவ சமயம் அந்நாட்டிற்கு 988-ஆம் ஆண்டில் வந்தது. அதற்கும் முந்திய இளவேனிற்காலச் சூரிய வழிபாட்டின் சாயல் இம்முட்டைகளின் கோலங்களில் இன்றும் தெரிகின்றது.

எழுதப்படும் உருவங்களைப் பார்த்தால் எழுதியவர் உழவர் வீட்டார் என்பது உடனே விளங்கும். கோதுமைக் கதிர், ஏணி, சல்லடை, உழுத வயலைக் குறிக்கும் குறுக்குக் கோடுகள், மீன், மான், ஊசியிலை மரம் ஆகியவை அடிக்கடி வருகின்றன. பற்கள் கொண்ட வாரியும் சீப்பும் மழையைக் குறிக்கும். முட்டையைச் சுற்றி முடிவில்லாமல் வளைந்து ஓடும் கோடு ஒன்று உண்டு. நாற்பது முக்கோணங்களால் ஓடு முழுவதையும் பங்கிடும் அமைப்பும் உண்டு. எழுதிய முட்டையை மாட்டுத் தொழுவத்திலும், தேன்கூட்டின் அடியிலும், கோழி அடைகாக்கும் இடத்திலும் வைப்பது பழைய வழக்கம். கால்நடை பெருகும், தேன் பெருகும் என்பது நம்பிக்கை. கார்ப்பேத்திய மலையில் வாழும் ஹுட்சுல் மக்களோ, பிஸன்கா எழுதப்படும் வரையில்தான் தீயசக்தி சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும் என்று கதை சொல்கின்றனர். நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அக்கதை கலையைக் காத்தது என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். கோழிமுட்டை ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தே. தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் அதில் உள்ளன. முட்டையை வினிகர் கலந்த நீரில் மெல்லக் கழுவினால் மேற்பரப்பின் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கி, சாயம் பிடிக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தல் கூடாது. சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

எழுதுகோல் மிக எளியது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சிறு புனல் போலச் சுருட்டி, ஒரு குச்சியின் முனையில் கம்பியால் கட்டியிருப்பர். இதற்குக் கிஸ்த்கா என்று பெயர். புனலை மெழுகுவர்த்திச் சுடரில் சூடாக்கித் தேன்மெழுகை அள்ள, அது உருகி நுனி வழியே மெல்லிய கோடாக ஓட்டில் இறங்கும். கோலை அசைப்பதைவிட முட்டையைச் சுழற்றுவதே கோடு நேராக வருவதற்கு வழி. கிஸ்த்கா இல்லாதவர்கள் குச்சியில் செருகிய குண்டூசியின் தலையை உருகிய மெழுகில் தோய்த்து, ஓட்டில் வைத்து இழுத்தால் கண்ணீர்த்துளி போன்ற வடிவம் கிடைக்கும். தொடக்கநிலையில் இருப்போருக்கு இதுவே எளிது.

இக்கலையின் மருமம் சாயத்தின் வரிசையில் இருக்கின்றது. முதலில் வெள்ளையாக இருக்க வேண்டிய கோடுகளை வெண்ணிற ஓட்டின்மேல் மெழுகால் எழுத வேண்டும். பிறகு முட்டையை மஞ்சள் சாயத்தில் தோய்க்க வேண்டும். இப்போது எது மஞ்சளாக நிலைக்க வேண்டுமோ அதை மெழுகால் மூட வேண்டும். அடுத்து ஆரஞ்சு, அதன்பின் சிவப்பு, கடைசியாகக் கறுப்பு என்று வெளிறிய நிறத்திலிருந்து கருமையை நோக்கிச் செல்ல வேண்டும். பச்சை மட்டும் இவ்வரிசைக்கு அடங்காது. அதனைச் சிறு குச்சியால் வேண்டிய இடத்தில் மாத்திரம் தொட்டு வைப்பர். எதை மிகுதியாக விரும்புகின்றோமோ அதனை முதலிலேயே மூடிவிட வேண்டியிருப்பதால், முடிவு எப்படி இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்தவரே இதைச் செய்ய முடியும். வேலை முடியும் தறுவாயில் முட்டை ஒரு கரிய, மேடு பள்ளமான உருண்டையாகத்தான் தோன்றும். அதைச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, உருகும் மெழுகைத் துணியால் மெல்லத் துடைக்கத் துடைக்க, மறைந்திருந்த நிறங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். முதன்முறை பார்ப்பவர் வாய்விட்டு வியப்பதை நாமே கண்டிருக்கின்றோம். சுடருக்கு நேர்மேலே பிடித்தால் கரி படிந்து வேலை அனைத்தும் பாழாகும்.

செயற்கைச் சாயம் வருமுன் அவர்கள் வீட்டைச் சுற்றிக் கிடைத்தவற்றையே பயன்படுத்தினர். வெங்காயத் தோல், காட்டு ஆப்பிள் மரப்பட்டை, வால்நட் காயின் மேல்தோல், சூரியகாந்தி விதையின் உமி ஆகியவற்றைக் கொதிக்க வைத்துச் சாறெடுத்து, படிகாரம் சேர்த்து நிறத்தைப் பிடிக்கச் செய்தனர். வெங்காயத் தோல் நம் சந்தைகளிலும் மலிந்து கிடக்கின்றது.

மெழுகு இல்லாமலும் எழுதலாம். ஒரே கரு நிறத்தில் தோய்த்த முட்டையைக் கூர்மையான கருவியால் கீறினால், கீறிய இடம் வெண்மையாகத் தெரியும். மூன்றாவது வழி அரிப்பு முறை. பழுப்பு முட்டையில் நிறம் மேற்பரப்பில் மட்டுமே உள்ளது. அதன்மேல் மெழுகால் கோலம் வரைந்து புளிப்பான நீரில் அமிழ்த்தினால், மெழுகு மூடாத இடத்தில் சுண்ணாம்புச் சத்து குமிழி விட்டுக் கரைந்து, வெள்ளை ஓடு வெளிப்படும். மூடிய கோலம் பழுப்பாக நிற்கும். முற்காலத்தில் இதற்கு ஊறவைத்த முட்டைக்கோசின் புளித்த நீரே போதுமானதாக இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் லுசேஷியாப் பகுதியில் வாழும் சோர்பியர் என்னும் சிறுபான்மை இனத்தவர் கீறல், அரிப்பு, மெழுகு ஆகிய இம்முறைகள் அனைத்திலும் தேர்ந்தவர்கள். வாத்தின் இறகை வடிவாக வெட்டி, அதையே மெழுகுத் தூரிகையாகக் கொள்வது அவர்களது சிறப்பு. நம் நாட்டுக்கோழி முட்டை அரிப்பு முறைக்கும், நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை முட்டை சாய முறைக்கும் ஏற்றவை. ஆனால் கழிவறைத் தூய்மைக்கு விற்கப்படும் ஆசிட்டை எவரும் இதற்குத் தொடவே கூடாது, வினிகரே போதும்.

நமது ஒன்றியத்தில் ஒரு மகளிர் குழுவினருடன் சேர்ந்து ஒரு பிற்பகலில் இதைச் செய்து பார்த்தோம். கடையில் வாங்கிய சாதாரண மெழுகுவர்த்தியை உருக்கிப் பயன்படுத்தினோம். சாயத்தில் தோய்த்தவுடன் அம்மெழுகு செதில் செதிலாக உதிர்ந்தது. தேனீ வளர்க்கும் உழவர் ஒருவரிடமிருந்து தேன்மெழுகு வாங்கி வந்த பிறகே கோடுகள் நின்றன. அன்றாடம் வாசலில் கோலமிடும் கை என்பதால் பெண்களுக்குக் கோடு தடுமாறவில்லை, தடுமாறியவர் நாமே.

அன்று உடனிருந்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். “குழந்தைகள் சாப்பிட வேண்டிய முட்டையை அழகுக்காக வீணாக்கலாமா?” என்பது அது. சத்துணவில் முட்டை பெறும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் நமக்கு இக்கேள்வி நெஞ்சில் தைத்தது. விடையும் உண்டு. முட்டையின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு, உட்கருவைக் கலக்கி ஊதி வெளியேற்றினால், அதை அன்றே சமைக்கலாம். வெற்று ஓட்டைக் கழுவி உலர்த்தி, துளைகளை மெழுகால் அடைத்துவிட்டு எழுதலாம். அடைக்காவிட்டால் சாயம் உள்ளே புகும். வெற்று ஓடு சாயத்தில் மிதக்குமாதலால், ஒரு கரண்டியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இது சற்றுத் தொல்லையே. ஆயினும் உணவு வீணாகாது.

இதை விற்றுப் பணம் சம்பாதிக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. இங்கே நாம் ஒளிவு மறைவின்றிச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு ஆயத்தமான சந்தை இல்லை. புதுத் தொழில் என்றதும் கடன் வாங்கி இறங்குவதன் விளைவை, 2012-ஆம் ஆண்டில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் நொடித்தபோது கொங்குப் பகுதி உழவர்கள் பட்டறிந்தனர். பரிசுப் பொருளாகவும் பள்ளிக் கைவினையாகவும் சிறிய அளவில் தொடங்கலாம்; அதற்கு மேல் எவரேனும் ஆசை காட்டினால் ஐயுறுக.

உக்ரைன் நாட்டிலேயே இக்கலை விற்பனையால் வாழ்ந்ததன்று. 1899-ஆம் ஆண்டில் லுப்னி என்னும் ஊரின் அருகிலிருந்த ஓர் அருங்காட்சியகத்தின் முட்டைகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோலங்களுடன் நூலாக அச்சேறின. அவ்வளவு கோலங்களும் ஊர்ப்புறப் பெண்களின் கைவண்ணமே. பின்னர் சோவியத் ஆட்சிக் காலத்தில் சமயச் சார்புடையது என்று இக்கலை ஒடுக்கப்பட்டது. ஆயினும் மலைக்கிராமங்களின் வீடுகளுக்குள்ளும், கனடா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் குடும்பங்களிலும் தாய் மகளுக்குக் கற்பித்து வந்தாள். கனடாவின் வெக்ரவில் நகரில் 1975-ஆம் ஆண்டில் அலுமினியத்தாலான பேருருவ முட்டை ஒன்று நிறுவப்பட்டது. உக்ரைனின் கொலோமியா நகரிலோ 2000-ஆம் ஆண்டில் முட்டை வடிவிலேயே பிஸன்கா அருங்காட்சியகம் கட்டப்பட்டது. 2022-இல் தொடங்கிய பெரும்போரின் நடுவிலும் அந்நாட்டுப் பெண்கள் முட்டை எழுதுவதை விடவில்லை.

இதனோடு நம் நாட்டுக் கலை ஒன்றை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அரியலூர் மாவட்டத்துக் கோடாலிகருப்பூரில் இதே மெழுகுத் தடுப்பு முறையாலும் சரிகை நெசவாலும் உருவான சேலைகள், தஞ்சை மராத்திய அரச குடும்பத்தினருக்காக நெய்யப்பட்டவை. 1855-இல் அவ்வரசு ஆங்கிலேயர் வசமானபின் ஆதரிப்போர் அற்றுப்போய் அத்தொழில் நலிந்தது. இன்று அச்சேலைகளை அருங்காட்சியகங்களில்தான் காண முடிகின்றது. அரண்மனை ஆதரித்த கலை அரண்மனையோடு சாய்ந்தது. அடுப்படியில் பிறந்ததோ ஆட்சியின் தடையையும் தாங்கி நின்றது. கைத்தொழில்களுக்கு மானியம் கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களைப் படிக்கும்போதெல்லாம் இவ்வேறுபாடு நம் நினைவுக்கு வருகின்றது. எந்தத் தொழிலை ஊரார் தம் வீட்டிலேயே செய்து பழகியுள்ளனர் என்பதை முதலில் பார்த்த பின்னரே மற்றவற்றைப் பார்க்கின்றோம்.

எழுதி முடித்த முட்டைக்கு மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்தால் ஓடு வலுப்பெறும். நேர்வெயில் பட்டால் நிறம் வெளிறும். உட்கருவை நீக்காத முட்டையாயின் காற்றோட்டமுள்ள இடத்தில் திறந்தே வைத்து, அவ்வப்போது திருப்பி விட வேண்டும். மூடிய பெட்டியில் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து, ஒரு கோடை நாளில் வெடித்து வீடே நாறும்.