புது வண்டி என்ன விலை?

புதுச்சேரிக்கு மேற்கே இருக்கிறது வில்லியனூர். அதைச் சுற்றிப் பல கிராமங்கள். அவற்றில் ஒரு கிராமத்தில் கணவனும் மனைவியும் அரை ஏக்கரில் கீரை பயிர் செய்கிறார்கள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, புளிச்சகீரை. ஊரில் அவர்களைக் கீரைக்காரர், கீரைக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள்.

மாலையில் கீரை பறிப்பார்கள். இரவில் கட்டுக் கட்டுவார்கள். விடியற்காலை 4 மணிக்கு லோடு ஆட்டோ வரும். நாலைந்து வீட்டு மூட்டைகளைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகும். ஒரு நாளைக்கு இவர்கள் பங்கு 100 ரூபாய். கீரைக்காரர் திரும்பி வரப் பஸ்ஸுக்கு 20 ரூபாய். மொத்தம் 120 ரூபாய்.

செலவு போனால் போகட்டும். ஆட்டோ நேரத்துக்கு வர வேண்டுமே! சில நாள் 5 மணிக்கு வரும். சில நாள் 6 மணி. வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். 15 ரூபாய்க்குப் போகும் கட்டு 8 ரூபாய்க்கும் போகாது.

"நமக்குன்னு ஒரு வண்டி இருந்தா இந்தத் தொல்லை இல்ல, புள்ள" என்றார் கீரைக்காரர்.

"வாங்கலாங்க. ஆனா ஜூன் மாசம் பாப்பாவ காலேஜ்ல சேர்க்கணும். அத மறந்துடாதீங்க" என்றார் கீரைக்காரம்மா.

அவர்களிடம் 43,000 ரூபாய் இருந்தது. அதில் 40,000 ரூபாய் கீரைக்காரம்மா மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம். மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டிக் கடைக்குப் போனார்கள். வாசலில் பெரிய மோட்டார் சைக்கிள். சிவப்பு நிறம். கீரைக்காரர் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு போர்டு. 'விலை ரூ. 83,000' என்று எழுதியிருந்தது. கீரைக்காரம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். கற்கும் மையத்தில் படித்த படிப்பு அது.

கடைப் பையன் வந்தான். "அண்ணே, நல்ல வண்டிண்ணே. லிட்டருக்கு 65 கிலோமீட்டர் ஓடும். கையில 43,000 கட்டுங்க. மிச்சத்துக்கு நாங்களே கடன் போட்டுத் தர்றோம். ஒரு மணி நேரத்துல வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம்" என்றான்.

"மொத்தம் எவ்வளவு தம்பி? எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றார் கீரைக்காரம்மா.

பையன் எழுதிக் கொடுத்தான். இதுதான் அந்தத் தாள்:

வண்டி விலை – 83,000
சாலை வரி, பதிவு – 6,000
இன்சூரன்ஸ் – 7,500
கூடுதல் பொருட்கள் – 4,500
கையாளும் கட்டணம் – 2,000
மொத்தம் – 1,03,000

போர்டில் 83,000. தாளில் 1,03,000. இருபதாயிரம் ரூபாய் எங்கிருந்து வந்தது?

போர்டில் இருப்பது வண்டியின் விலை மட்டும். ஜி.எஸ்.டி. வரி அதிலேயே அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரை உள்ள இருசக்கர வண்டிகளுக்கு இந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் வண்டி ரோட்டுக்கு வர வேண்டும் என்றால் சாலை வரி கட்ட வேண்டும். பதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். புது இருசக்கர வண்டிக்கு, அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸை 5 வருடத்துக்கும் சேர்த்து எடுப்பது கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் இந்த விதி இருக்கிறது. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் புது வண்டிக்கு அது இருப்பது நல்லது. இதைக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வெளியே விசாரித்து, விலை குறைவான இடத்தில் எடுக்கலாம்.

கூடுதல் பொருட்கள் என்றால் சீட் கவர், கம்பி, கண்ணாடி மாதிரி சாமான்கள். வேண்டும் என்றால் வாங்கலாம். வேண்டாம் என்றால் விடலாம்.

"கையாளும் கட்டணம்னா என்ன தம்பி?" என்று கேட்டார் கீரைக்காரம்மா.

பையன் உள்ளே போய் முதலாளியைக் கேட்டு வந்தான். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். ஒரு கேள்விக்கு 2,000 ரூபாய்!

தாளை வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கீரைக்காரருக்கு முகம் வாடிவிட்டது. அன்றைக்கே வண்டியோடு திரும்பலாம் என்று நினைத்திருந்தார்.

இரவு சாப்பாடு முடிந்தது. கீரைக்காரம்மா நோட்டை எடுத்தார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில், இப்போது ஆகும் செலவு. ஒரு நாளைக்கு 120 ரூபாய். மாதம் 25 நாள் மார்க்கெட். 120 × 25 = 3,000 ரூபாய். வண்டி வந்தால் இந்தப் பணம் மிச்சம். வண்டிக்கு ஆகும் செலவு இதற்குள் அடங்குமா? இதுதான் கேள்வி.

பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்? போக 10 கிலோமீட்டர். வர 10 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 20. மாதத்துக்கு 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 65 என்று கடைப் பையன் சொன்னான். ஆனால் மூட்டை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று போகும் வண்டி அவ்வளவு கொடுக்காது. 50 என்று வைப்பதே நல்லது. 500-ஐ 50-ஆல் வகுத்தால் 10 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 1,000 ரூபாய்.

பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் வேறு. மத்திய அரசின் வரி எங்கும் ஒன்றுதான். மாநில வரி இடத்துக்கு இடம் மாறும். பெட்ரோலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறலாம். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் விலையை மாற்றும் முறை வந்தது. அதனால் கணக்குப் போடும்போது கொஞ்சம் கூடவே வைக்க வேண்டும்.

அடுத்தது தவணை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு 60,000 ரூபாய் கடன். 'வட்டி 10 சதவீதம்தான்' என்று கடையில் சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு வட்டி 6,000. மூன்று வருடத்துக்கு 18,000. மொத்தம் 78,000. இதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 2,167 ரூபாய்.

இதற்குப் பெயர் பிளாட் வட்டி. நாம் மாதா மாதம் கட்டக் கட்ட அசல் குறைகிறது. பாதிக் கடனை அடைத்த பிறகும், முழு 60,000 ரூபாய்க்கே வட்டி போடுகிறார்கள். பாக்கி இருக்கும் பணத்துக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால், இந்த 10 சதவீதம் உண்மையில் சுமார் 18 சதவீதம்.

வங்கியில் வேறு மாதிரி. பாக்கி இருக்கும் பணத்துக்குத்தான் வட்டி. அதே 60,000 ரூபாயை 12 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால், மாதம் சுமார் 1,993 ரூபாய். மொத்த வட்டி சுமார் 11,750 ரூபாய். காதால் கேட்டால் 10 சின்னது, 12 பெரியது. கையால் கட்டும்போது 10-க்குத்தான் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ, கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நமக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு இது பொருந்தும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எதுவும் எழுதாத தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது.

மறுபடி நோட்டுக்கு வருவோம். கடைக் கடனில் மோட்டார் சைக்கிள் எடுத்தால் தவணை 2,167. பெட்ரோல் 1,000. ஆயில், டயர், சர்வீஸுக்கு மாதம் 300. அடுத்தடுத்த வருட இன்சூரன்ஸுக்கு மாதம் 100 ஒதுக்க வேண்டும். மொத்தம் 3,567 ரூபாய்.

மிச்சமாவது 3,000. செலவு 3,567. மாதா மாதம் 567 ரூபாய் கையிலிருந்து போகும். சேமிப்பும் ஏறக்குறைய முழுதாகப் போய்விடும்.

"மூணு வருஷம்தானே? அப்புறம் வண்டி நம்முது" என்றார் கீரைக்காரர். அவர் சொன்னதும் சரிதான்.

"அதுவரைக்கும் என் பீஸ்?" என்றாள் மகள். கீரைக்காரர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்தார். "கீரை மூட்டைக்கு எதுக்குண்ணே மோட்டார் சைக்கிள்? மொபெட் எடுங்க. முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை வைக்கலாம்" என்றார்.

"கரண்ட் வண்டி வாங்கினா பெட்ரோலே வேணாமே மாமா?" என்று கேட்டாள் மகள்.

நல்ல கேள்வி. சிறிய மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட மூன்று, நான்கு யூனிட் கரண்ட் போதும். ஒருவர் தினமும் 60 கிலோமீட்டர் போகிறார் என்று வைப்போம். 25 நாளில் 1,500 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டிக்கு 3,000 ரூபாய் ஆகும். மின்சார வண்டிக்கு, யூனிட் 7 ரூபாய் என்றாலும், 400 ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். அப்படிப்பட்டவர் மின்சார வண்டியை அவசியம் யோசிக்க வேண்டும். பேட்டரிக்கு எத்தனை வருடம் உத்தரவாதம், மாற்ற என்ன விலை என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கீரைக்காரர் விசாரித்த மின்சார வண்டியின் விலை லட்சத்தைத் தாண்டியது. முன்பக்கம் மூட்டை வைக்க இடமும் போதாது. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டார்கள். வண்டிக்காரர் வீட்டுக்கு எது சரி என்பது ஓடும் தூரத்தையும் ஏற்றும் சுமையையும் பொறுத்தது.

பழைய வண்டி பற்றியும் பேச்சு வந்தது. பழைய வண்டி விலை குறைவு. வாங்குவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்று கேட்க வேண்டும். பெயர் மாற்றாமல் வண்டி வாங்கக் கூடாது. மெக்கானிக் இரண்டு பழைய வண்டிகளைக் காட்டினார். இரண்டிலும் இன்ஜின் வேலை இருந்தது.

கடைசியில் புது மொபெட். வேண்டாத சாமான்களை எல்லாம் அடித்த பிறகு, எல்லாச் செலவும் சேர்த்து 63,000 ரூபாய். கையிலிருந்து 33,000 கட்டினார்கள். வங்கியில் 30,000 கடன். 12 சதவீதம், இரண்டு வருடம். தவணை சுமார் 1,412 ரூபாய். பெட்ரோல் 1,000, பராமரிப்பு 300, இன்சூரன்ஸ் 100. மொத்தம் 2,812. மூவாயிரத்துக்குள் அடங்கியது. கையில் 10,000 ரூபாய் நின்றது. காலேஜ் பீஸுக்கு முதல் பணம் அது.

கடையில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கடன் வங்கியில் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. ஆதார் கொண்டு வா, பாஸ் புத்தகம் கொண்டு வா என்று மூன்று முறை அலைய வைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் லோடு ஆட்டோதான்.

சீட்டுப் பணம் கீரைக்காரம்மாவுடையது. அதனால் கடனும் வண்டியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்றார் கணவர். வங்கியில் விவரத் தாளைத் தமிழில் கேட்டார் கீரைக்காரம்மா. ஒவ்வொரு வரியாகப் படித்தார். அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கீரைக்காரம்மா நிமிரவில்லை. படித்து முடித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

கீரைக்காரரிடம் லைசென்ஸ் முன்பே இருந்தது. மொபெட் ஓட்டவும் லைசென்ஸ் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டும் வாங்கினார். இப்போது 5 மணிக்கெல்லாம் மார்க்கெட்டில் இருக்கிறார். 7 மணிக்குள் கீரை தீர்ந்துவிடுகிறது. சிவப்பு மோட்டார் சைக்கிள் எதிரே வந்தால் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்.

முதல் மாதக் கணக்கைக் கீரைக்காரம்மா நோட்டில் எழுதினார். பெட்ரோல் 10 லிட்டர் இல்லை, 11 லிட்டர் ஆகியிருந்தது.

"ஒரு லிட்டர் எங்க போச்சு?" என்று கேட்டார்.

"தேருக்குப் போனோமே, மறந்துட்டியா?" என்றார் கணவர்.

செய்து பாருங்கள்

1. ஒருவர் தினமும் 30 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார். மாதம் 20 நாள் போகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் எத்தனை லிட்டர் பெட்ரோல் வேண்டும்? உங்கள் ஊர் விலையில் எவ்வளவு ரூபாய் ஆகும்?

2. 20,000 ரூபாய் கடன். பிளாட் வட்டி 12 சதவீதம். இரண்டு வருடம். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?

3. உங்கள் வீட்டில் பஸ், ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு செலவு ஆகிறது? ஒரு வாரம் நோட்டில் எழுதி, நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

விடை: 1) 12 லிட்டர். 2) 24,800 ரூபாய்.