கேமரா இருக்கிறது, பதிவு இருக்கிறதா?



செஞ்சி நகரத்துக் கடைவீதியில் மட்டுமல்ல, பனமலை போன்ற சிற்றூர்களின் மளிகைக் கடைகளிலும் இன்று கண்காணிப்புக் கேமரா வந்துவிட்டது. ஆனால், "உங்கள் பெட்டியில் எத்தனை நாள் பதிவு நிற்கும்?" என்று கேட்டால் பலர் பதில் சொல்வதில்லை. நாமும் அப்படி இருந்தவர்கள்தாம். ஒருமுறை மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது துவரம்பருப்பில் மூன்று மூட்டை குறைந்தது. சரக்கு இறங்கி 19 நாள் ஆகியிருந்தது. பெட்டியில் இருந்ததோ 11 நாள் பதிவு. இறக்கும்போதே குறைவா, பிறகு குறைந்ததா என்று தெரியவில்லை. லாரிக்காரரையும் சந்தேகித்தோம், பல வருடம் உடன் உழைத்த ஆட்களையும் சந்தேகித்தோம். மூட்டையின் நட்டம் ஒரு மாதத்தில் ஈடாகிவிட்டது. அந்த மனக்கசப்பு ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று.

சாத்தான்குளம் தரும் பாடம்

வணிகர்களாகிய நாம் மறக்க முடியாதது 2020-ஆம் ஆண்டு சாத்தான்குளம் நிகழ்ச்சி. செல்போன் கடை நடத்திவந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாக ஜூன் 19 அன்று காவலில் வைக்கப்பட்டனர். அடுத்த சில நாட்களில் இருவரும் உயிரிழந்தனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையத்துப் பதிவுப் பெட்டியில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் குறிப்பிட்டார். 19-ஆம் தேதிப் பதிவு கிடைக்கவில்லை. மாறாக, கடைவீதியில் இருந்த கேமராவின் காட்சிகள், முதல் தகவல் அறிக்கையில் சொல்லப்பட்டதற்கு மாறானவற்றைக் காட்டின.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒரு சாதாரணக் கடையின் கேமரா பெரிய உண்மைக்குச் சாட்சியாகலாம். டிஸ்க் பெரியதாக இருந்தாலும் செட்டிங் தவறானால் பயனில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது இயலாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. கடைக்காரருக்கு அத்தனை வேண்டாம். ஆனாலும் ஒரு மாத இருப்பெடுப்பையும் ஒரு பில் தகராறையும் தாங்க 45 நாளாவது வேண்டும் என்பது நம் கருத்து.

கணக்குப் போடும் முறை

செஞ்சிக் கோட்டையில் இன்றும் நெற்களஞ்சியம் நிற்கிறது. 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது. களஞ்சியத்தின் கொள்ளளவும் ஒருநாள் செலவும் தெரிந்தால்தான் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியும். பதிவுப் பெட்டிக்கும் அதே கணக்குத்தான்.

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒருநாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். நான்கு கேமராவுக்கு 86.4 ஜி.பி. 1 டெராபைட் என்பது 1000 ஜி.பி.; அது 11 நாளில் நிரம்பும். நிரம்பியதும் பெட்டி பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். 4 டெராபைட் போட்டால் 46 நாள் நிற்கும்.

செலவில்லாத வழிகள்

புது டிஸ்க் வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்.

1. பதிவு முறை எச்.264 என்று இருந்தால், வசதியிருப்பின் எச்.265 என்று மாற்றுங்கள். ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும். நெட்வொர்க் கேமராவானால் கேமராவிலும் அந்த வசதி வேண்டும்.
2. விநாடிக்கு 25 படம் என்பதை 12 அல்லது 15 ஆக்கலாம்.
3. கடை பூட்டிய நேரத்தில், அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைக்கலாம்.

கல்லாப்பெட்டிக் கேமராவின் படத்தெளிவை மட்டும் குறைக்காதீர்கள். முகம் தெரியாத பதிவு இருந்தும் இல்லாததே.

டிஸ்க் மாற்றும் முறை

முதலில் பெட்டியின் குறிப்பேட்டில், அது எத்தனை டெராபைட் வரை ஏற்கும், எத்தனை டிஸ்க் மாட்டலாம் என்று பாருங்கள். அளவு மீறி வாங்கினால் பணம் வீண். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க்கை விட, 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே செய்த கண்காணிப்பு வகை டிஸ்க்கே ஏற்றது.

வேண்டிய பதிவுகளை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை முறைப்படி அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகே மூடியைக் கழற்றுங்கள். புது டிஸ்க்கில் டேட்டா ஒயர், பவர் ஒயர் இரண்டையும் சொருகித் திருகாணியை முடுக்குங்கள். இயக்கியபின் மெனுவில் டிஸ்க் பகுதிக்குச் சென்று புது டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும். இரண்டு டிஸ்க் இருக்கும் பெட்டியில் கவனம் தேவை. தவறிப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் இருந்த பதிவும் போய்விடும். கழற்றிய பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி, சில மாதம் பீரோவில் வைத்திருப்பது நல்லது.

முடிந்ததும் நான்கு சோதனை

இத்தனை நாளில் பதிவை அழி என்ற செட்டிங் இருக்கிறதா? இருந்தால் நீக்குங்கள். தேதியும் நேரமும் சரியா? எல்லாக் கேமராவும் பதிகிறதா? மின்தடையைத் தாங்க யு.பி.எஸ். இணைத்தாயிற்றா? பிறகு மாதம் ஒருமுறை, இருப்பெடுக்கும் நாளிலேயே, மிகப் பழைய பதிவின் தேதியைப் பார்த்துப் பேரேட்டின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்க நேர்ந்தால் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. எனவே சம்பவம் நடந்தால் பெட்டியில் கைவைக்காமல், பதிவை உடனே நகலெடுத்து வக்கீலைக் கேளுங்கள்.

சரக்கு இருப்பை நாம் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை. பதிவு இருப்பையும் அப்படியே பார்ப்போம். இன்றிரவு கடை எடுத்துவைக்குமுன், உங்கள் பெட்டியில் எத்தனை நாள் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.